திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கயிற்றண்ணன்

திரைப்பட விழா நடக்கும் பூங்காவில், திரைக்குப் பின்னால் ஒரு பெரிய தார்ப்பாய் விரிந்து கிடக்கும். அது எதற்கு என்று எங்கள் முதலாளி கேட்கும்போதெல்லாம், ஈரமாக இருக்கிறது, காயப் போட்டிருக்கிறேன் என்பார் கயிற்றண்ணன். மழை நின்று பல நாள் ஆகியிருக்கும். பொழுது சாய்ந்த பிறகு எந்த ஈரம் காயும் என்று முதலாளியும் மேற்கொண்டு கேட்டதில்லை. இருட்டியதும் சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தெருக் கூட்டும் பெண்கள், காவலாளியின் மனைவி, தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கூலிவேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் வந்து அந்தத் தார்ப்பாயில் உட்காருவார்கள். அவர் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை, போ என்று சொன்னதும் இல்லை. பனி இறங்கினால் இன்னொரு பாயைத் தூக்கி வந்து, "இதுவும் காயணும்" என்று சொல்லி அவர்கள் தோள்மேல் போர்த்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவார்.

அவருடைய இடம் திரையின் பின்பக்கம், கயிறுகள் வந்து முடியும் மூலை. நாங்கள் இருவரும் ஒரே கூடாரக் கடையில் வேலை பார்த்தோம். அவர் கயிறு கட்டுகிறவர், நான் துணி தைக்கிறவள். கூட்டம் எங்கே கூடினாலும் எங்கள் கடையிலிருந்து கூடாரமும் நாற்காலியும் போகும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூங்காவில் காடு, மலை, ஆறு, பறவை என்று வெளியுலகத்தைப் பற்றிய படங்களாகவே போடுகிற விழா நடக்கும். அதற்குத் திறந்தவெளியில் கட்ட வீடு உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திரை எங்கள் கடையில் இருந்தது. படம் பார்க்க வருகிறவர்கள் முதுகில் பையும் காலில் மலையேறுகிற பூட்ஸுமாக வருவார்கள். வந்து புல்தரையில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். "புல்லு சறுக்கிடும்னு பயம் போல" என்பார் கயிற்றண்ணன். அவர் சிரிக்கமாட்டார், நாங்கள்தான் சிரிப்போம்.

அவ்வளவு பெரிய துணி காற்றில் பாய்மரம் மாதிரி உப்பும். உப்பினால் மலையும் உப்பும், ஆறும் உப்பும். அதனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, காற்று வந்தால் கயிற்றைத் தளர்த்தி, போனால் இழுத்துக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். காற்று அடித்ததே முன்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அதுதான் வேலை என்பார். துணி மெல்லியது, பின்பக்கமும் படம் தெரியும். அவர் பார்த்த மலையும் கடலும் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில் பார்த்தவைதான். எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமே அண்ணா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு நேராக் காட்டினாலும் அது எறும்பு ஊர்ற மாதிரிதாம்மா" என்றார். மலை எந்தப் பக்கம் நின்றால் என்ன, மலை மலைதானே என்பது அவர் கணக்கு.

அவருக்கு ஒரே மகன். எங்கள் கடைக் கிடங்கிலேயே துணிமூட்டைகளுக்கு நடுவில் தூங்கி வளர்ந்த பிள்ளை. கடவுள் அவனுக்கு இடது கையைக் கொடுத்திருந்தார். அவன் கட்டுகிற முடிச்சு அப்பா கட்டுகிற முடிச்சின் எதிர்ப்பக்கமாக விழும். எங்கள் தொழிலில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான் உயிர். எந்த நுனியை இழுக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, கை தானாகப் போகவேண்டும். மகன் கட்டியதில் அப்பாவின் கை போகிற இடத்தில் நுனி இருக்காது. பழக்கினால் வலது கை வரும் என்று சின்ன வயதில் அவனுடைய இடது கையை இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டிருக்கிறார். அண்ணி அழுதுகொண்டே சோறு ஊட்டுவாராம். பிள்ளை சாப்பிட்டுவிட்டு, கட்டிய கையின் விரல்களாலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டு ஓடிவிடுவானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணிக்குச் சிரிப்பு வரும்.

மீசை முளைத்த பிறகு அவனும் எங்களோடு வேலைக்கு வந்தான். ஒருநாள் ஒரு பெரிய கூட்டத்துக்குக் கூடாரம் போட்டிருந்தோம். திடீரென்று காற்று தூக்கியது. கயிற்றண்ணன் ஓடிப்போய் ஒரு முடிச்சை இழுத்தார். அது மகன் கட்டியது. அவிழாமல் இறுகிக்கொண்டது. கூடாரத் துணி நடுவில் கிழிந்து, கம்பம் சாய்ந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வேலையாட்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அவர் மகனின் இடது கையைப் பிடித்து அந்தக் கையிலேயே கயிற்றால் அடித்தார். பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடித்து முடிக்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றான். பிறகு, "இனிமே உங்க கயித்தை நீங்களே கட்டிக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

எங்கெங்கோ தேடினார்கள். தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஊரில் அவனை ஒத்த உயரத்தில் யாராவது நடந்தால் அண்ணி பின்னாலேயே கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்புவார். கயிற்றண்ணன் அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஆனால் அவர் புதிதாக எந்த ஆளைச் சேர்க்கும்போதும், நீ எந்தக் கைக்காரன் என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வலது கை என்றால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் ஒரு ஏமாற்றம் இருக்கும்.

வருஷங்கள் போயின. ஒரு வருஷ விழாவில், திரையில் நான் போட்டிருந்த ஒட்டுத்தையல் படத்தில் கோடாகத் தெரிகிறதா என்று பார்க்க முன்பக்கம் போனேன். அப்போது ஒரு ஏரியைப் பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது. மலைகளுக்கு நடுவே நீளமான ஏரி. வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் குறைந்து கரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அதை நம்பி இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிற படம். அதில் ஒரு படகுக்காரன் வருவான். மூடுபனி, தலையை மூடிய போர்வை, முகமே காட்டவில்லை. முதுகையும் கையையும் மட்டும் காட்டினார்கள். அவன் கயிறு கட்டும் இடம் சரியாக என் தையல்மேல் விழுந்ததால் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் தெரியவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, தேநீர் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கயிற்றண்ணன் கயிற்றைப் பிடித்தபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. அவரே பேச ஆரம்பித்தார்.

"ஒருத்தனைப் பார்த்தேம்மா. கயித்து நுனியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, தோளை ஒரு உலுக்கு உலுக்கினான், நம்ம பையன் மாதிரியே. எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுது."

"யாரு, படகுக்காரரா?"

"ஆமா. ஆனா அவன் இல்ல. கை வலது கை."

எனக்குப் புரியவில்லை. இடது கைதானே அண்ணா, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இல்லை, வலது என்றார். நான் இடது என்றேன். நான் பிறந்ததிலிருந்து கயிறு பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா என்றார். நானும்தான் அண்ணா கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தேன் என்றேன். அதுவரை ஒருநாளும் சண்டை போடாத எங்கள் இருவருக்கும் கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. தார்ப்பாயில் இருந்த ஒரு பெண், "சண்டையை நாளைக்கு வச்சுக்குங்க, படம் ஓடுது" என்றாள்.

அதற்குள் அடுத்த படத்தின் தலைப்பு திரையில் வந்தது. என் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கூட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. எல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி நின்றன.

"அண்ணா, நீங்க எந்தப் பக்கத்துல உக்கார்ந்து பார்த்தீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். வலது கையைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தார். இடது கையைத் தூக்கினார். இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தவர், அன்றுதான் முதன்முதலில் அந்தத் திரைக்கு இன்னொரு பக்கம் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தார். காற்று வந்து திரை உப்பியது. அவர் கவனிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய்க் கயிற்றைத் தளர்த்தினேன்.

படம் முடிந்துவிட்டது. இனி அதைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கூடை வைத்திருப்பார்கள். சீட்டு வாங்குகிறவர்களுக்கு ஆற்றுக் கூழாங்கல் ஒன்று கொடுப்பார்கள். பிடித்த படத்தின் கூடையில் கல்லைப் போடவேண்டும். எந்தக் கூடையில் கல் அதிகமோ, அந்தப் படத்தைக் கடைசி நாள் மறுபடி போடுவார்கள். திரைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குச் சீட்டும் கிடையாது, கல்லும் கிடையாது.

விஷயம் தார்ப்பாய்க்காரர்களுக்குத் தெரிந்துபோயிற்று. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். மறுநாள் தெருக் கூட்டும் பெண்கள் வேலைக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு கல் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஆற்றுக்கல் எங்கே கிடைக்கும்? ரோடு போட வைத்திருந்த கருங்கல் ஜல்லிதான் கிடைத்தது. அண்ணி ஒரு பை நிறையக் கொண்டுவந்து மூச்சிரைக்கக் கூடையில் கொட்டினார். ஏரிப் படத்தின் கூடை கல் உடைக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது.

கடைசி நாள் மாலை விழா நடத்துகிறவர்கள் கூடையைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். ஜல்லியைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு எண்ணினார்கள். பறவைகளைப் பற்றிய வேறொரு படம்தான் முதலில் வந்தது. யார் இந்த வேலையைச் செய்தது என்று விழாத் தலைவர் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று முகம் சிவந்திருந்தது. எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கயிற்றண்ணன் முன்னால் போய் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்காகப் போட்டதுங்கய்யா. தப்புதான். அந்தப் படகுக்காரன் என் மகனா இருக்கலாம். நான் பின்பக்கமிருந்து பார்த்ததால மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். ஒரே ஒரு தடவை முன்னாடி உக்கார்ந்து பார்க்கணும்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அந்த ஏரிப் படத்தை எடுத்தவள். பறவைப் படத்துக்கு முன்னால் என் படத்தைப் போடுங்கள் என்று அவளே தலைவரிடம் கேட்டாள். தலைவர் கருங்கல் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தவர், சரி என்று சொல்லிவிட்டு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கயிற்றண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் அண்ணி. நாற்காலியில் முதுகைச் சாய்க்கவே அவருக்குத் தெரியவில்லை, விளிம்பில் இருந்தார். கயிறு யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, "நான் பிடிக்கறேன், இந்தக் கடையே கயித்துலதானே நிக்குது" என்று முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கயிறு பிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ. இன்னொரு மூலையை நான் பிடித்தேன். அதனால் அந்த மாலை கயிற்றண்ணன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, திரையின் ஓரமாக எட்டி எட்டிப் பார்த்ததுதான்.

மூடுபனி வந்தது. படகு வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் காற்றும் வந்தது. முதலாளி எதை இழுக்கவேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதையோ இழுத்தார். ஏரி ஒரு பக்கமாகச் சரிந்தது. கயிற்றண்ணன் பழக்கத்தில் எழுந்துவிட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க. ஏரி விழுந்தா விழட்டும்" என்றார். உட்கார்ந்தார்.

சரிந்த ஏரியில், சரிந்த படகில் நின்றுகொண்டு அந்த ஆள் கயிற்று நுனியைப் பல்லில் கடித்தான். இடது கை சுற்றிக்கொண்டு வந்து, உள்ளே நுழைந்து, எதிர்ப்பக்கம் வெளியே வந்தது. தோள் ஒரு உலுக்கு. முடிச்சு விழுந்தது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். கயிற்றண்ணன் தன் இடது கையை மெல்ல எடுத்து மடியில் வைத்து, வலது கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார், அடிபட்ட பிள்ளையின் கையைத் தடவுவது போல.

பிறகு படம் எடுத்த பெண் அவர் காலடியில் புல்லில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். ஏரி வெகுதூரத்தில், மலைக்கு அப்பால் இருக்கிறது. படகுக்காரர் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. படம் எடுத்தும் நாளாகிவிட்டது, இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதும் தெரியாது. முகம் ஏன் காட்டவில்லை என்று அண்ணி கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"அவர்தான் வேண்டாம்னாரும்மா. 'கையை மட்டும் எடுத்துக்குங்க. சின்ன வயசுலேர்ந்து இதைத் திட்டாதவங்க இல்ல, இதுவும் ஒருநாள் பெருமைப்பட்டுட்டுப் போகட்டும்'னு சிரிச்சார்."

கயிற்றண்ணன் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்று திரையை அவிழ்த்து மடிக்கும்போது யாரும் அவரை வேலை செய்யவிடவில்லை. புல்லில் தனியாக உட்கார்ந்து, அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து, மகன் கட்டுகிற மாதிரி இடது கையால் கட்டிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணிக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. அதனால் கயிற்றண்ணன் மட்டும் கிளம்பிப் போனார். பல நாள் தகவல் இல்லை. அண்ணி எங்கள் வீட்டில்தான் படுத்துக்கொண்டார், இருவரும் விளக்கேற்றி வேண்டிக்கொள்வோம். அப்புறம் ஒரு போன் வந்தது. "அவன்தான். நீயும் வா." அவ்வளவுதான் பேசினார். மூட்டுவலி எங்கே போயிற்றோ, அண்ணி மறுநாளே கிளம்பிவிட்டார். இருவரும் அந்த ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். விழா வரும்போதெல்லாம் இந்த வருஷம் வருவார்கள் என்று நினைப்பேன். பின்னால் தார்ப்பாயை நான்தான் விரிக்கிறேன், காயப் போட்டிருக்கிறேன் என்று முதலாளியிடம் அதே பொய்யைச் சொல்கிறேன். திரையில் ஏதாவது ஒரு தண்ணீரைக் காட்டினால், கரையில் ஓரமாக யாராவது நிற்கிறார்களா என்று கண் போகிறது.

போன மழைக்காலத்தில் அண்ணி போனில் அழுதார். கயிற்றண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம், கஷ்டப்படவில்லையாம். மகன் பக்கத்திலேயே இருந்தானாம். இறைவன் அவரை அமைதியாக வைத்திருக்கட்டும். அண்ணியிடம் எனக்கு ஒன்றே ஒன்று கேட்கவேண்டும் போல இருந்தது. அழுகிறவரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கயிற்றண்ணன் ஊரைவிட்டுப் போன அன்று பஸ் நிலையத்தில் என்னிடம் சொன்னாரே, அது நடந்ததா என்றுதான் கேட்க நினைத்தேன்.

அன்று விடிகாலை. அண்ணியும் நானும் வழியனுப்பப் போயிருந்தோம். அண்ணி தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கயிற்றண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்து, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போகிற பிள்ளை மாதிரி. அங்கே போய் அவனிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் அண்ணா என்று கேட்டேன். பஸ் உறுமத் தொடங்கிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அப்பான்னு சொல்லிக்கிட்டுப் போய் நிக்கமாட்டேம்மா. அக்கரைக்குப் போகணும், ஏத்திக்கிறியான்னு கேப்பேன். ஏத்திக்கிட்டா போதும்."